திரும்பி வருகிற அக்கா

அக்காவோடு ஒரு பயணம் புறப்பட்டால், போய்ச் சேருவோமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். வீடு திரும்புவோம் என்பதற்கு வேண்டுமானால் தரலாம்.

எனக்கு இது தெரியவந்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஹம்பேர்க் துறைமுகத்தில் சில பெட்டிகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. வான் வண்டியை ஓட்டியவர் அக்கா; உடன்பிறந்தவர் அல்ல, வேலைத்தலத்தில் எனக்கு மூத்தவர். வழியில், ஹம் நகரத்தில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று ஏற்பாடு. அந்தத் தங்கைக்கென்று என் மனைவி ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் தந்துவிட்டிருந்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம்.

"தம்பி, உமக்கு ஒரு சத்தம் கேக்குதோ?"

"இல்லையே அக்கா."

"வளைவில மட்டும் கேக்குது. டொக் எண்டு."

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினார். படங்குத் துணியை விரித்து வானுக்கடியில் படுத்துப் பார்த்தார். சில்லுகளை உதைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நான் நிம்மதியாக இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வானைத் திருப்பி, வந்த வழியே ஓட்டத் தொடங்கினார்.

"அக்கா, ஒண்டுமில்லை எண்டுதானே பாத்தனீங்கள்?"

"கண்டுபிடிக்கேல்லை எண்டு சொல்லும். ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லேல்லை."

தங்கைக்குச் செய்தி சொல்லும் வேலை எனக்கு வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரித்தார். "திரும்பிட்டாளோ? எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் உலை வைக்கேல்லை."

வேலைத்தலத்தில் வானைத் தூக்கி மேடையில் ஏற்றி, அடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். கடைசியில் என் இருக்கைக்குக் கீழேயிருந்து ஊறுகாய்ப் போத்தல் உருண்டு வந்தது. வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல மஞ்சள் தேசிக்காய். சரி, என்ன சத்தம் எண்டு இப்ப தெரியும். வாரும், வெளிக்கிடுவம்." அன்று நாங்கள் மத்தியானச் சோற்றை விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டோம். தங்கை கணக்காக அந்த நேரத்துக்குத்தான் சுடச்சுட இறக்கியிருந்தார்.

எங்கள் வேலைத்தலம் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலைமேட்டுக் கிராமம் ஒன்றின் புல்வெளி விமானத் திடலோரம் இருந்தது. தெருவே இல்லாத தூரதேசத்து மலைகளுக்கும் காடுகளுக்கும் சிறு விமானங்களில் மருந்து, நோயாளி, பள்ளிக்கூடப் புத்தகம், போதகர் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிற ஒரு கிறிஸ்தவ மிஷன் அமைப்பு அது. பழைய விமானங்களை வாங்கிப் புதுப்பித்து அனுப்புவது இங்கே. அவற்றோடு சேர்ந்து போகிற ரேடியோக்கள், சூரிய ஒளித் தகடுகள், மலை ஓடுபாதைகளில் மேகத்தைப் படம்பிடித்து அனுப்பும் கமராக்கள் எல்லாம் என் மேசையில் உருவானவை. அக்கா விமானி. பப்புவா நியூ கினியின் மலைகளில் வருடக்கணக்காகப் பறந்தவர். தாயாருக்கு நோய் கடுமையானபோது ஜெர்மனிக்கு வந்து, கடைசிவரை அவரைப் பார்த்து, கண்மூடியதும் அனுப்பிவைத்துவிட்டு, பிறகு இங்கேயே தங்கிவிட்டார். எந்த விமானமும் அவர் தடவிப் பார்த்துச் சரி சொல்லாமல் கொட்டகையை விட்டு வெளியே போகாது.

நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியதால்தான் அங்கே விண்ணப்பித்தேன். "வேதக்காரரிட்டயோ வேலைக்குப் போறியள்?" என்று மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் உள்ளூரக் கூச்சம். நேர்முகத்துக்குப் போனால், ஜெர்மன்காரப் பணிப்பாளருக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து முகம் ஒன்று, எண்ணெய்க் கறை படிந்த நீல மேலங்கியோடு. பேச்சு முடிந்து வெளியே வந்ததும் தமிழில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் சைவம். பிறகு பிரச்சினை வரக்கூடாது."

"சாப்பாட்டிலயோ, கும்பிடுறதிலயோ?"

"ரெண்டிலயும்."

"அப்ப எங்கட சமையல்காரிதான் பாவம்" என்றார். அதற்குமேல் என் சமயத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபைகளிலிருந்து ஆட்கள் பேருந்தில் வந்து வேலைத்தலத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். நுழைவாயில் சுவர் நீளத்துக்கு அமைப்பின் வரலாறு படம் படமாக மாட்டியிருந்தது. பணிப்பாளர் விளக்கம் சொன்னால் அது ஏறுமுகமாகவே போகும். போரில் விமானம் ஓட்டி உயிர் தப்பிய சிலர், அதே திறமையை இனி நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவோம் என்று பல நாடுகளில் யோசித்தார்கள். இந்த ஊரில் ஒரு விவசாயி வைக்கோல் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். உழவு இயந்திரம் திருத்துகிறவர் வந்து விமான இயந்திரத்தைக் கழற்றினார். முதல் விமானம் போனது, இரண்டாவது போனது, இன்ன நாட்டுக்கு ரேடியோ போனது. கேட்பவர்கள் தலையாட்டி ரசிப்பார்கள்.

அக்கா அதே படங்களை வேறு மாதிரிச் சொல்லுவார். முதல் விமானத்தின் படத்தைக் காட்டி, "இது முதல்முறை புறப்பட்ட அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. எண்ணெய் ஒழுகியது. ஊர் முழுக்கச் சிரித்தது. அந்த விமானம் பிறகு எத்தனையோ வருடம் ஓடியது" என்பார். இன்னொரு படத்தில் ஓர் இளம் விமானி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிறகில் சாய்ந்து நிற்பார். அங்கே வந்ததும் அக்காவின் குரல் தாழும். "இவர் திரும்பவில்லை. மேகம் மூடிய கணவாய்க்குள் போனார். போன வாரமும் திரும்பினீர், இந்த வாரமும் திரும்புவீரோ என்று யாரோ பகிடியாகக் கேட்டிருந்தார்களாம்."

அந்தச் சாவுக்குப் பிறகு அமைப்பில் ஒரு விதி வந்தது. திரும்பி வந்த விமானியிடம் ஏன் என்று யாரும் உடனே கேட்கக் கூடாது. முதலில் தேநீர் கொடுக்க வேண்டும். அக்கா தன் பங்குக்கு அதில் ஒரு கேக்கையும் சேர்த்துவிட்டார். உலகத்தின் எந்த மூலையில் எங்கள் விமானி ஒருவர் பாதிவழியில் திரும்பினாலும், செய்தி கிடைத்த அன்றைக்கு எங்கள் வேலைத்தலத்தில் ஆப்பிள் கேக். அந்த மலைகளில் மழைக்காலம் வந்தால் எனக்குக் காற்சட்டை இறுகிவிடும்.

பணிப்பாளர் நல்ல மனிதர். ஆனால் அவர் நன்கொடை கொடுப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "நீங்கள் சொல்லும் வரலாற்றில் நாங்கள் எங்கேயுமே போய்ச் சேரவில்லை போலிருக்கிறதே" என்று ஒருநாள் குறைப்பட்டார். "போய்ச் சேர்ந்ததை நீங்கள்தான் அழகாகச் சொல்லுகிறீர்களே" என்று அக்கா பணிவாகச் சொன்னார்.

இரண்டு பேருக்கும் உண்மையான சோதனை ஒரு வசந்தகாலத்தில் வந்தது. நாங்கள் நீண்டகாலம் உழைத்துப் புதுப்பித்த விமானம் ஒன்று ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் நாள். தென் இத்தாலி வரை அக்கா ஓட்டிப்போய் அங்கே காத்திருக்கும் விமானியிடம் கொடுக்க வேண்டும். நான் பொருத்திய ரேடியோவை வழியில் சோதிப்பதற்காக என்னையும் ஏற்றிக்கொண்டார். என் மனைவிக்கு நான் விமானத்தில் போவதில் பெருமை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து திடலோரம் நின்றாள்.

ஊரே திரண்டிருந்தது. நகரபிதா பேசினார். போதகர் ஜெபித்தார். நன்கொடையாளர்கள் வரிசையாக விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அக்கா எல்லாவற்றையும் முன்னமே சோதித்து முடித்திருந்தார். பேச்சுகள் நீண்டுகொண்டே போனதில் அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கடைசியில் சபையின் ஊதுவாத்தியக் குழு முழங்க, கைகள் அசைய, நாங்கள் மேலே ஏறினோம்.

கிராமத்துத் தேவாலயக் கோபுரம் கீழே சிறுத்தது. நான் ரேடியோவில் லயித்திருந்தேன். அக்கா ஒரு தரம் இடதுபுறம் மெல்லத் திருப்பினார். பிறகு வலதுபுறம். இன்னொரு தரம் இடது.

"தம்பி, சுக்கான் மிதி பாரமாயிருக்கு." விமானத்தின் வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி அது.

"எவ்வளவு பாரம்?"

"கொஞ்சம்தான். வலக்காலுக்கு மட்டும்." பேசும்போதே விமானத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டார்.

கீழே நகரபிதா, நன்கொடையாளர்கள், பட்டுச் சேலையோடு என் மனைவி. "அக்கா, அவ்வளவு சனமும் இன்னும் பாத்துக்கொண்டு நிக்குது. கொஞ்சத் தூரம் போய்ப் பாத்திட்டு வேற திடல் ஏதாவதில இறங்குவமே?"

அவர் என்னைப் பார்க்காமல், ஓடுபாதையைத் தேடியபடி சொன்னார்: "சனம் பாக்கேக்க நான் திரும்பாட்டி, ஒருத்தரும் பாக்காத மலைக்குள்ள பெடியள் எப்பிடித் திரும்புவாங்கள்?"

நாங்கள் இறங்கியபோது கூட்டம் வாகனங்களை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஊதுகுழல்களை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்போது, டூபா என்ற அந்தப் பெரிய வாத்தியத்தை வயிற்றோடு அணைத்து ஊதுகிறவர், நரைத்த மீசைக்காரர், அதைத் திரும்ப எடுத்து, போகும்போது வாசித்த அதே பாட்டைத் தன்னந்தனியாக ஊதத் தொடங்கினார். யானை ஒன்று மகிழ்ச்சியாகப் பிளிறுவது போலிருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

பணிப்பாளர் சிவந்த முகத்தோடு ஓடிவந்தார். விதி ஞாபகம் வந்து, ஏன் என்று கேட்காமல் வாயை மூடிக்கொண்டு நின்றதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். மிதியைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. சுக்கானைக் கையால் அசைத்தோம். அசைந்தது. இரண்டு மெக்கானிக்குகளும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"காற்றாக இருக்கலாம்" என்றார் பணிப்பாளர், கெஞ்சும் குரலில். "எல்லாரும் நிற்கிறார்கள். மீண்டும் புறப்படலாம்தானே?"

"ஏலாது" என்றார் அக்கா. தான் தமிழில் சொன்னதுகூட அவருக்குத் தெரியவில்லை. பணிப்பாளருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பின்புறச் சாமான் அறையின் திரையைக் கழற்றச் சொன்னார். அதற்கப்பால் வால்வரை நீளும் இருட்டுக் குகை. சுக்கானின் கம்பிகள் அதற்குள்தான் ஓடுகின்றன. நான் டோர்ச் அடித்தேன். இரண்டு பச்சைக் கண்கள் திரும்பப் பார்த்தன. கொட்டகைப் பூனையின் குட்டி. நன்கொடையாளர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் திறந்திருந்த கதவால் ஏறி, திரைக்கடியால் நுழைந்து, பயத்தில் கம்பி திரும்பும் உருளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போயிருந்தால் உருளை இறுகியிருக்கும். அது எங்கே நடந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். ஆல்ப்ஸ் மலைக்கு மேலே.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பூனைக்குட்டியை டூபாக்காரர் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டார். என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் எண்ணெய்க் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பூனை இல்லாட்டிலும் நான் திரும்பினது சரிதான்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இதை வைச்சு என்னைக் கெட்டிக்காரி எண்டு கதை கட்டிப்போடாதையும்."

டூபாக்காரர் பக்கத்தில் வந்து ஜெர்மனில் கேட்டார். "உள்ளே பூனை இருப்பது உங்களுக்குத் தெரிந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் ஏன் திரும்பினீர்கள்?"

"என்னவென்று தெரியாததால்."

டூபாக்காரர் தன் பெரிய வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் அப்போது சிரித்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து, வாத்தியம் இல்லாமல், சனம் இல்லாமல், நாங்கள் மீண்டும் புறப்பட்டு இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தோம். விமானத்தைக் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பினோம். சுரங்கங்களுக்கும் வெளிச்சத்துக்கும் மாறி மாறிப் போகிற அந்த ரயிலில்தான் நான் கேட்டேன்: "அக்கா, ஒருநாளாவது திரும்பாம விட்டிருக்கலாம் எண்டு நினைச்சிருக்கிறியளோ?"

அவர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

பப்புவாவில், கணவாய்க்கு அப்பால் ஒரு கிராமம். மரம் விழுந்து ஒருவர் நசுங்கிக் கிடக்கிறார் என்று ரேடியோவில் செய்தி. அக்கா போனார். கணவாயில் மேகம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "என்ர இஞ்சின் சத்தம் அவையளுக்குக் கேட்டிருக்கு, தம்பி. கிட்ட வந்து, பிறகு தூரப் போனது கேட்டிருக்கு." விடிந்ததும் வானம் தெளிந்து, போய் இறங்கியபோது அடிபட்டவர் இறந்துவிட்டிருந்தார். அக்கா அடக்கம் முடியும்வரை நின்றார். ஒருவரும் ஏசவில்லை. பேசவுமில்லை. பிறகு அந்த மனிதரின் மனைவியையும் பிள்ளைகளையும் தாய்வீட்டுக்கு ஏற்றிப்போக வேண்டியிருந்தது. மனைவியைத் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதே கணவாய். அன்றைக்கும் மேகம் இறங்கத் தொடங்கியது.

"நான் போகப் பாத்தன். அண்டைக்கு எனக்குத் திரும்ப மனமில்லை. போய்க் காட்டவேணும் எண்டிருந்தது. அந்த மனுசி என்ர கையைத் தொட்டா. பின்பக்கம் காட்டினா. திரும்பு எண்டு."

"திரும்பினியளோ?"

"ஓம்" என்றார். பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து, ஒன்றை என்னிடம் தந்தார்.

அந்தக் கோடையில் ஒரு விசித்திரம் நடந்தது. டூபாக்காரர் எங்கள் ஊரின் பாடசாலைப் பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர். அவர் ஒரு வெள்ளிக்கிழமை பேருந்தைக் கொண்டுவந்து வேலைத்தல வாசலில் நிறுத்தி, "வளைவில் ஒரு சத்தம் கேட்கிறது" என்றார். அக்கா ஏறி, கூடவே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளி, பிரேக் பிடிக்கும்போது ஒரு சத்தம். அதற்கடுத்த வெள்ளி, இறக்கத்தில். அக்கா ஒவ்வொரு தரமும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஆனால் தலையைச் சீவிக்கொண்டு ஏறுவார்.

"அக்கா, அந்த பஸ்ஸில ஒரு சத்தமும் இல்லை. இஞ்ச எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

"கண்டுபிடிக்கேல்லை எண்டு சொல்லும்" என்றார், கன்னம் சிவக்க.

கல்யாணம் இலையுதிர் காலத்தில், கிராமத்துத் தேவாலயத்தில் வைத்தார்கள். ஹம்மிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இவள் வாயைத் திறந்து சொல்லுமட்டும் நான் நம்பமாட்டன். கார்ச் சாவி என்ர கையிலதான் இருக்கு" என்று என் மனைவியின் காதில் சொன்னார். மணமகன் அன்றைக்கு வாத்தியம் இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அக்கா மாம்பழ நிறச் சேலையில், எண்ணெய்க் கறை போகத் தேய்த்துக் கழுவிய கைகளோடு நின்றார்.

போதகர் முதலில் மணமகனைக் கேட்டார். ஆம் என்பதற்கு ஜெர்மனில் "யா" என்று அவர் சொன்னது வாசல்வரை அதிர்ந்தது. பிறகு அக்காவைக் கேட்டார்.

அக்கா பதில் சொல்லவில்லை.

மணமகனின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சன்னல் வழியே வெளியே, மேகங்களைக்கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பணிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தங்கையின் கையில் சாவி கிலுங்கியது. டூபாக்காரர் மட்டும் அவசரமே இல்லாமல், எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் அக்கா.

போதகருக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மீண்டும் கேட்பதற்கு வாயெடுத்தார். அதற்குள் முன்வரிசையில் என் மனைவி எழுந்துவிட்டாள். நெற்றியில் திருநீறு, தலையில் மல்லிகை. தேவாலயம் முழுக்கக் கேட்கும்படி உரத்த குரலில், தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள்:

"யா சொல்லிவிட்டார், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்."